ரயில் நின்றதால் பிறந்த ஊர்

1942 மார்ச் 20 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் டெரோவி என்னும் சிற்றூர் நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படையின் முற்றுகையிலிருந்து தப்பி வந்திருந்த அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் அதிலிருந்து இறங்கினார். பிலிப்பைன்ஸுக்குத் திரும்பிச் செல்வேன் என்று அவர் உலகறியச் சொன்னது அந்த நடைமேடையில்தான். இவ்வளவு பெரிய வாக்குறுதி இவ்வளவு சிறிய ஊரில் பிறந்ததற்குக் காரணம் தண்டவாளம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அவர் வந்த பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம். டெரோவியிலிருந்து அடிலெய்டு போகும் பாதையின் அகலம் 5 அடி 3 அங்குலம். தளபதியாக இருந்தாலும் இறங்கி, வேறு ரயிலில் ஏறித்தான் ஆக வேண்டும்.

டெரோவிக்கு வருவதற்குச் சற்று முன்பு அந்த ரயில் கடந்து வந்த ஊர் பீட்டர்பரோ. அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 250 கி.மீ. தொலைவில், மழை குறைந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. இன்று அங்கே சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் அதைப் போல இரண்டு மடங்கு மக்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சோறு போட்டது ரயில்வே. ஆஸ்திரேலியாவில் இப்படி ரயிலை நம்பிப் பிறந்த ஊர்கள் பல உண்டு. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதியைப் பீட்டர்பரோவில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்: ரயில் நிற்க வேண்டியிருந்த வரை ஊர் வாழ்ந்தது. தண்ணீருக்கும், கரிக்கும், என்ஜின் மாற்றவும், டிரைவர் மாறவும், பாதையின் அகலம் மாறவும் ரயில்கள் நின்றன. அந்தத் தாமதங்களை ஒவ்வொன்றாக ஒழித்ததை நாடு முன்னேற்றம் என்று கொண்டாடியது. ஊருக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலை இழப்பு.

தண்டவாள அகலக் குழப்பம் எப்படி வந்தது என்பது ஆஸ்திரேலியர்களே வருத்தத்தோடு சொல்லும் கதை. 1850 வாக்கில் காலனிகள் தனித்தனி அரசுகளாக இருந்தன. நியூ சவுத் வேல்ஸில் ரயில்பாதை அமைக்க வந்த அயர்லாந்துப் பொறியாளர் பிரான்சிஸ் ஷீல்ட்ஸ், தன் நாட்டு வழக்கப்படி 5 அடி 3 அங்குலம் வேண்டும் என்றார். விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் ஒப்புக்கொண்டன. பிறகு சம்பளத் தகராறில் ஷீல்ட்ஸ் விலக, அடுத்து வந்த ஜேம்ஸ் வாலஸ் இங்கிலாந்தின் 4 அடி 8½ அங்குலத்துக்கு மாறினார். மற்ற இரு காலனிகளும் அதற்குள் என்ஜின்களுக்கும் பெட்டிகளுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டதால் பின்வாங்க மறுத்தன. செலவைக் குறைக்க விரும்பிய குயின்ஸ்லாந்து 1865இல் 3 அடி 6 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவும் தன் வடபகுதியின் வறண்ட நிலங்களுக்கு அந்தச் சிக்கனப் பாதையே போதும் என்று முடிவு செய்தது. இப்படி ஒரே காலனிக்குள் இரண்டு அகலங்கள் வந்தன. மூன்றாவது பிற்பாடு வரவிருந்தது.

வறண்ட நிலம் என்பதற்கு ஒரு எல்லைக்கோடே உண்டு. 1865இல் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர், கடும் வறட்சிக்குப் பின் குதிரையில் சுற்றிப் பார்த்து, எந்த இடத்துக்கு வடக்கே கோதுமையை நம்பக்கூடாது என்று ஒரு கோடு வரைந்தார். பீட்டர்பரோ அந்தக் கோட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்ததும் விவசாயிகள் அந்தக் கோட்டை மறந்து வடக்கே ஏறினார்கள். 1880களின் வறட்சி அவர்களில் பலரைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அந்தக் கோதுமையை நம்பிப் போட்ட தண்டவாளங்கள் தரையிலேயே இருந்தன. இந்த நிலம் அதற்கு முன்பு காலியாக இருக்கவும் இல்லை. இது நட்ஜூரி மக்களின் நாடு. ஆடு மேய்ப்பவர்களும் உழவர்களும் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் அவர்கள் சிதறடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய மொழியையும் கதைகளையும் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி, 1940 வாக்கில் பார்னி வாரியா என்ற முதியவர் மானுடவியலாளர் ரொனால்ட் பெர்ன்ட்டிடம் சொன்னவை. ரயில் ஊர்களின் வரலாறுகள் பெரும்பாலும் முதல் தண்டவாளத்திலிருந்தே தொடங்குகின்றன. அது நியாயமான தொடக்கம் இல்லை.

ஊரை உண்டாக்கியவர்கள் ஜெர்மானியக் குடியேறிகள். பீட்டர் டோக்கே என்ற விவசாயியின் நிலத்தில் 1880இல் மனைகள் பிரித்து விற்கப்பட்டன. அவர் பெயரால் ஊருக்குப் பீட்டர்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே ரயில் வந்துவிட்டது. 1881 தொடக்கத்தில் மேற்கே போர்ட் பிரி துறைமுகத்திலிருந்து பாதை வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் தெற்கே டெரோவியுடன் இணைப்பு கிடைத்தது. 1882இல் வடக்கே க்வார்ன் வரை பாதை போனது. விளைந்த கோதுமையை மூட்டை கட்டித் துறைமுகத்துக்கு அனுப்பும் ஒரு சந்திப்பு நிலையமாக மட்டுமே அது இருந்திருக்கலாம். கிழக்கே நடந்த ஒரு கண்டுபிடிப்பு அதை மாற்றியது.

1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப் பண்ணைத் தொழிலாளி, நியூ சவுத் வேல்ஸின் மேற்கு ஓரத்தில் ஒரு கரடுமுரடான குன்றில் கனிமத்தை அடையாளம் கண்டார். அதுதான் புரோக்கன் ஹில்: வெள்ளி, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த உலகின் மிகப் பெரிய படிவுகளில் ஒன்று. அந்த ஊர் சட்டப்படி சிட்னியின் ஆட்சியில் இருந்தாலும் சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். போர்ட் பிரி சுமார் 400 கி.மீ. தொலைவில்தான் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 1887இல் எல்லை ஊரான காக்பர்ன் வரை பாதையைக் கொண்டுபோனது. அயல் காலனியின் ரயில் தன் மண்ணில் ஓட நியூ சவுத் வேல்ஸ் இணங்கவில்லை. ஆகவே எல்லையிலிருந்து சுரங்கம் வரையிலான 58 கி.மீ. துண்டை ஒரு தனியார் நிறுவனம் போட்டது. 1888இல் திறந்த அந்தச் சில்வர்டன் டிராம்வே, பெயரில் டிராம் என்றாலும் முழு ரயில்பாதை; ஆஸ்திரேலியாவில் மிகுந்த லாபம் பார்த்த தனியார் பாதைகளில் ஒன்று. சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில்லுக்கு நேரடி ரயில்பாதை முழுமையானது 1927இல்தான்.

சுரங்கத்திலிருந்து போர்ட் பிரியின் உருக்காலைக்குப் போகும் ஒவ்வொரு தாதுப்பெட்டியும், துறைமுகத்திலிருந்து சுரங்கத்துக்குப் போகும் கரியும் மரமும் இயந்திரமும் பீட்டர்ஸ்பர்க் வழியாகவே போயின. நான்கு திசைகளிலிருந்தும் பாதைகள் கூடும் ஊர் அது. அந்த உருக்காலை பின்னாளில் உலகின் மிகப் பெரிய ஈய உருக்காலைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் தொழில் செல்வத்தில் எவ்வளவு பெரிய பங்கு, ஒற்றைத் தடமாகவே கிடந்த இந்தக் குறுகிய தண்டவாளத்தில் உருண்டது என்பதைப் பொருளாதார வரலாறுகள் போதுமான அளவு சொல்வதில்லை. சுரங்க முதலாளிகளின் பெயர்கள் நகரத் தெருக்களுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. தாதுவை இழுத்தவர்களின் ஊர் வழிகாட்டி நூல்களில் ஒரு பத்தி.

பயணிகளுக்கும் அந்த ஊரைத் தவிர்க்க வழி இருக்கவில்லை. 1917இல் நல்லர்போர் சமவெளியைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பாதை திறந்தபின், அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குப் போகிறவர்கள் டெரோவியில் ரயில் மாறி, இவ்வூர் வழியாக க்வார்ன் போய், போர்ட் அகஸ்டாவில் மீண்டும் மாறினார்கள். 1929இல் ஓடத் தொடங்கிய ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ரயிலான ‘கான்’ வண்டியின் பயணிகளும் இவ்வழியே வந்தார்கள்.

முதல் உலகப் போர் ஊரின் பெயரைப் பறித்தது. ஜெர்மன் ஒலிக்கும் ஊர்ப் பெயர்களை மாற்ற 1917இல் தெற்கு ஆஸ்திரேலியா தனிச் சட்டமே போட்டது. 69 பெயர்கள் மாறின. ஹான்டார்ஃப் ஆம்பிள்சைடு ஆயிற்று. லோபெதால் ட்வீட்வேல் ஆயிற்று. 1918இல் பீட்டர்ஸ்பர்க் பீட்டர்பரோ ஆயிற்று. 1930களில் ஹான்டார்ஃபுக்கும் லோபெதாலுக்கும் பழைய பெயர் திரும்பியது, பீட்டர்பரோவுக்குத் திரும்பவில்லை. தன் நிலத்தை ஊராக்கிக் கொடுத்தவரின் பெயர் பாதியாவது மிஞ்சியதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள், தங்கள் கையால் கட்டிய ஊரிலேயே சந்தேகத்துக்குரியவர்களாக நடமாட வேண்டியிருந்ததை அந்தப் பெயர்ப்பலகை மாற்றத்திலிருந்தே ஊகிக்க முடியும்.

ஊரின் உச்சகாலத்தை உருவாக்கியவர் ஓர் அமெரிக்கர். நலிந்துபோயிருந்த தெற்கு ஆஸ்திரேலிய ரயில்வேயைச் சீர்படுத்த 1922இல் வில்லியம் வெப் ஆணையராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவின் மிசூரி–கான்சஸ்–டெக்சஸ் ரயில்வேயில் பணியாற்றியவர் அவர். பெரிய என்ஜின், நீண்ட ரயில், வலுவான பாலம், நவீனப் பணிமனை என்பது அவர் கொள்கை. செலவு மாநிலத்தைத் திணறடித்தது. பொருளாதார மந்தம் தொடங்கிய 1930இல் அவர் நாடு திரும்பினார். பீட்டர்பரோவில் அவர் காலத்தில் எழுந்தவற்றுள் முக்கியமானது ரவுண்ட்ஹவுஸ் என்னும் வட்ட லோகோ ஷெட். நடுவே ஒரு சுழல்மேடை. அதைச் சுற்றி வில்போல வளைந்து 23 நிறுத்தங்கள். சுழல்மேடையில் ஏறும் என்ஜினைத் திருப்பி, எந்த நிறுத்தத்துக்கு வேண்டுமோ அதற்கு நேராக நிறுத்தி உள்ளே அனுப்புவார்கள். நீராவி என்ஜினுக்கு ஓட்டத்தைவிடப் பராமரிப்பு அதிகம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும், எண்ணெய் இட வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் பாய்லரைக் கழுவிப் படிந்த உப்பைச் சுரண்ட வேண்டும். வறண்ட பகுதியின் உப்புத் தண்ணீரில் இந்த வேலை இரட்டிப்பு. இந்த வேலைகளுக்கான ஆட்கள்தான் அந்த ஊர்.

அவர்கள் வாழ்ந்த முறையைப் புரிந்துகொள்ள ரயில்வேயின் படிநிலையைப் பார்க்க வேண்டும். பள்ளியை முடித்த பையன் என்ஜின் துடைப்பவனாகச் சேர்வான். பல ஆண்டுகள் கழித்துக் கரி அள்ளும் ஃபயர்மேன். இன்னும் பல ஆண்டுகள், தேர்வுகள், அதன்பின் டிரைவர். யார் எந்த ரயிலை ஓட்டுவது என்பதைப் பணிமூப்பு தீர்மானித்தது. இரவு இரண்டு மணிக்குப் புறப்படும் கூட்ஸ் வண்டிக்கு ஆள் வேண்டுமென்றால், அழைப்புப் பையன் வீடு வீடாகப் போய்ச் சன்னலைத் தட்டி எழுப்புவான். பக்கத்து வீட்டில் பகலில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது இத்தகைய ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் அதற்கேற்பக் குரலைத் தாழ்த்தி விளையாடப் பழகினார்கள். காற்று யார்டிலிருந்து வீசும் நாளில் துணி காயப்போட்டால் கரி படியும். பாதையைப் பராமரிக்கும் கேங் ஆட்களோ ஊருக்கு வெளியே, நெடுகச் சிதறிய சிறு முகாம்களில், கோடை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெளியில் வாழ்ந்தார்கள். டிரைவருக்கு இருந்த மரியாதையும் சம்பளமும் அவர்களுக்கு இல்லை. ரயில் ஊரின் தோழமையைப் புகழ்கிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அந்தப் படிகள் எதிலும் இடமே இருக்கவில்லை.

அந்த உலகத்தின் பிரியத்துக்கு உரிய ஒரு ஜீவன் ஊரின் பிரதான தெருவில் வெண்கலச் சிலையாக இருக்கிறது: பாப் என்ற நாய். 1880களில் முயல் பிடிப்பதற்காக வடக்கே அனுப்பப்பட்ட நாய்க்கூட்டத்தில் ஒன்றாக இருந்த அதை, வில்லியம் ஃபெர்ரி என்ற ரயில்வே கார்டு வாங்கி இங்கே கொண்டுவந்தார். பாப்புக்கு ரயில் பிடித்துப்போயிற்று. எந்த என்ஜினிலும் தாவி ஏறும். கரிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பயணம் செய்யும். மெல்போர்ன், சிட்னி என்று காலனி தாண்டியும் போய் வரும். இரவானால் ஏதாவது ஒரு டிரைவரின் வீட்டில் சாப்பாடு. அது 1895இல் இறந்தது. அதன் கழுத்துப்பட்டை போர்ட் அடிலெய்டிலுள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாமல் ரயில்வேக்காரர்கள் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு நாய் வாழ முடிந்தது என்பதில் அந்தச் சமூகத்தின் இயல்பு நிறையவே தெரிகிறது.

இரண்டாம் உலகப் போரில் டார்வின் திசையாகப் போன படையும் தளவாடமும் இந்தப் பாதைகளை நிரப்பின. டெரோவியில் பெரிய படைமுகாம் எழுந்தது. க்வார்னில் கிராமப்புறப் பெண்கள் சங்கத்தினர், நின்று போகும் படைவீரர் ரயில்களுக்கு நாள்தோறும் சமைத்துப் போட்டார்கள். போருக்குப் பின்னும் சரக்கு குறையவில்லை. தேய்ந்து நின்றவை என்ஜின்கள்தான். 1903 முதல் 1917 வரை கட்டப்பட்ட டி வகை என்ஜின்களே அப்போதும் தாது இழுத்துக்கொண்டிருந்தன. 1953இல் பிரான்ஸிலிருந்து பத்து ‘காரட்’ என்ஜின்கள் வந்தன. நடுவே ஒரு பாய்லர், அதன் முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள். இலேசான தண்டவாளத்தில் எடையைப் பரப்பி, கனத்த ரயிலை இழுக்கும் அமைப்பு. பத்தாண்டு முடிவதற்குள் டீசல் வந்து அவற்றை ஓரங்கட்டத் தொடங்கிவிட்டது. இவ்வளவு நல்ல என்ஜின்களுக்கு இவ்வளவு குறுகிய வாழ்வு கிடைத்ததை எண்ணி இன்றும் ரயில் ஆர்வலர்கள் மனம் வெதும்புவது நியாயமே. பத்தில் இரண்டு தப்பின. ஒன்று போர்ட் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

டீசல் முதல் அடி. அதற்கு வழியில் தண்ணீர் வேண்டாம், சாம்பல் வாரும் ஆள் வேண்டாம், மணிக்கணக்கில் தீ மூட்டிச் சூடாக்க வேண்டாம். இரண்டாம் அடி, நாடே கைதட்டி வரவேற்ற ஒன்று. சிட்னி முதல் பெர்த் வரை ஒரே அகலத்தில் ரயில் ஓட வேண்டும் என்ற கனவுக்கு நடுவில் எஞ்சியிருந்த தடை, புரோக்கன் ஹில்லுக்கும் போர்ட் பிரிக்கும் இடையிலான குறுகிய பாதை. அதை 4 அடி 8½ அங்குலமாக மாற்றும் வேலை 1970 தொடக்கத்தில் முடிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று ‘இந்தியன் பசிபிக்’ என்ற பயணிகள் ரயில் முதன்முறையாகச் சிட்னியிலிருந்து புறப்பட்டுப் பீட்டர்பரோ வழியாகப் பெர்த் சேர்ந்தது.

குழப்பத்தை ஒழிக்க வந்த அந்தத் திட்டம் பீட்டர்பரோவில் குழப்பத்தைக் கூட்டியது. கிழக்கு–மேற்குப் பாதை நிலையான அகலத்துக்கு மாறியது. வடக்கே க்வார்ன் திசைப் பாதை குறுகியதாகவே நின்றது. தெற்கே டெரோவியிலிருந்து அகலப்பாதை இங்கே நீட்டப்பட்டது. ஆக, மூன்று அகலங்கள் ஒரே யார்டில். மூன்றுக்கும் பொதுவான தடத்தில் நான்கு தண்டவாளங்கள் கிடந்தன; சுழல்மேடையும் மூன்று அகலத்தையும் ஏற்கும்படி மாற்றப்பட்டது. இத்தகைய யார்டுகள் உலகில் மிகச் சிலவே. ரயில் ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்து வந்து படமெடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை இருந்தது. வேலை மட்டும் குறைந்துகொண்டே போனது. மாநிலத்தின் கிராமப்புற ரயில்பாதைகள் 1978இல் மத்திய அரசின் ரயில்வே நிறுவனத்துக்குக் கைமாறின. நஷ்டக் கணக்கில் இருந்த பணிமனைகளும் கிளைப்பாதைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980களின் இறுதியில் டெரோவிப் பாதையும் போயிற்று. நீண்ட சரக்கு ரயில்கள் இன்றும் பீட்டர்பரோ வழியே ஓடுகின்றன. பெரும்பாலானவை நிற்பதில்லை.

ஒரே அடி எல்லா ரயில் ஊர்களிலும் ஒரே மாதிரி விழவில்லை. டெரோவியில் அகலம் மாறுவது ஒன்றே தொழிலாக இருந்தது. அது போனதும் ஊரும் போனது. ஆயிரக்கணக்கானோர் இருந்த இடத்தில் இன்று நூற்றுச் சொச்சம் பேர். க்வார்ன் 1937இலும் 1956இலும் இரண்டு புதிய பாதைகளால் புறக்கணிக்கப்பட்டது. ஆனால் அதைச் சுற்றி ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் அழகு இருந்தது. 1973இல் தன்னார்வலர்கள் கூடிப் பிச்சி ரிச்சி கணவாய்ப் பாதையைக் காப்பாற்றினார்கள். இன்றும் அங்கே நீராவி ரயில் ஓடுகிறது. நல்லர்போர் சமவெளியில் 478 கி.மீ. நேர்கோட்டுத் தண்டவாளத்தின் மேல் இருக்கும் குக், பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட ஊராக இருந்தது. 1997இல் ரயில்வே தனியார்மயமானபோது மூடப்பட்டு, இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு நிற்கிறது. நியூ சவுத் வேல்ஸின் ஜூனீ இவற்றிலிருந்து வேறுபட்டது: சிட்னி–மெல்போர்ன் பிரதான பாதையில் இருப்பதும், 1947இல் கட்டிய பெரிய ரவுண்ட்ஹவுஸில் இன்னும் பெட்டி, என்ஜின் பழுதுபார்ப்பு நடப்பதும் அதைக் காத்தன. வேறு வேலை ஒன்றாவது உள்ள ஊர் பிழைத்தது.

பீட்டர்பரோ இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. முற்றிலும் அழியவில்லை, முன்பிருந்த நிலையை எட்டவும் இல்லை. 1980களில் ஸ்டீம்டவுன் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் வடக்குப் பாதையில் நீராவி ரயில் ஓட்டினார்கள். பணமும் ஆளும் போதாமல் இருபது ஆண்டுகளில் அது நின்றது. அதன்பின் லோகோ ஷெட்டையே அருங்காட்சியகமாக்கினார்கள். இப்போது இரவில் பழைய ரயில்பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, சுழல்மேடையில் ஒளியும் ஒலியும் சொல்லும் வரலாற்றைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் மிகக் குறைந்த விலைக்கு வீடு கிடைக்கும் ஊர்களின் பட்டியல்களில் பீட்டர்பரோ அடிக்கடி இடம்பெறுகிறது. நகரத்தில் வாடகை கட்ட முடியாதவர்களும் ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும் அதனால் இங்கே வருகிறார்கள். ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத மக்கள் தொகை மெல்ல உருவாகிறது. ஊரின் வறுமைக் குறியீடுகள் மாநிலத்தில் மோசமானவற்றுள் அடங்கியே தொடர்கின்றன. சுற்றுலா மட்டும் அதை மாற்றிவிடும் என்று நம்ப இடமில்லை.

அருங்காட்சியகங்கள் என்ஜின்களைத் துடைத்துப் பளபளப்பாக வைப்பதில் தேர்ந்துவிட்டன. அந்த என்ஜின்களை ஓடவைத்த உழைப்பை எப்படிக் காட்டுவது என்பதற்கு நியூ சவுத் வேல்ஸின் வெரிஸ் கிரீக் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2005இல் திறந்த ஆஸ்திரேலிய ரயில்வே நினைவுச்சின்னத்தில், அம்மாநிலத்தில் பணியின்போது உயிரிழந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிகளுக்கு இடையில் நசுங்கியவர்கள், பாய்லர் வெடித்து இறந்தவர்கள், பாதையோரம் அடிபட்டவர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் குறுகிய பாதைகளிலும் அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. நீராவிக் காலத்தில் பீட்டர்பரோ ஷெட்டில் பையன்களாகச் சேர்ந்தவர்கள் இன்று முதியவர்களாகிவிட்டார்கள். பாய்லருக்குள் இறங்கி உப்பைச் சுரண்டியது எப்படி, கேங் முகாமில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, அழைப்புப் பையனுக்கு எந்தெந்த வீட்டின் எந்தச் சன்னல் என்று எப்படித் தெரிந்தது என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க முடியும். கேட்டுப் பதிவு செய்ய மிச்சமிருப்பது இன்னும் சில ஆண்டுகள்தான்.